வீட்டுக் கடன் கட்ட முடியாமல் ஏல நோட்டீஸ் வந்தால் என்ன செய்வது, ஏலத்துக்குப் பிறகு நிற்கும் மீதிக் கடன் என்ன ஆகும்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் என் அக்கா வீட்டுக்காரர் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருந்தார். கன்னங்குறிச்சி பக்கம் வீடு கட்டக் கடன் வாங்கினார், அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டார். ஆர்டர் குறைந்து மூன்று நான்கு தவணை நின்றதும் மாமா செய்த முதல் காரியம், "பேங்க்லேர்ந்து ரிஜிஸ்டர் தபால் வந்தா வாங்காதீங்க, ஆள் இல்லைன்னு சொல்லி அனுப்பிடுங்க" என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்ததுதான். தபால்கள் திரும்பிப் போயின. பிறகு கதவில் ஒட்டினார்கள், பேப்பரில் போட்டார்கள். முதல் ஏலத்துக்கு ஆள் வரவில்லை, விலையைக் குறைத்து இரண்டாவது முறை விட்டதில் 29 லட்சத்துக்குப் போனது. அன்றைக்கு ராத்திரி மாமா, "வீடு போச்சு, அதோட கடனும் போச்சுன்னு நெனச்சுக்கறேன்" என்றார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். ஒன்றரை வருடம் கழித்து இன்னும் 9 லட்சம் பாக்கி என்று கோர்ட் சம்மன் வந்தது, மாமாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று.

நான் வக்கீல் இல்லை. அந்தச் சம்மனுக்குப் பிறகு அஸ்தம்பட்டி கோர்ட்டுக்கும் கோயம்புத்தூருக்கும் அலைந்ததில், முன்பே தெரிந்திருந்தால் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று ஒவ்வொரு முறையும் வயிறு எரிந்தது. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன். உங்கள் கையில் இப்போது என்ன கடிதம் இருக்கிறதோ அந்த இடத்திலிருந்து படியுங்கள், ஆனால் மீதிக் கடன் பற்றிய பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

ஒரு சொல்லை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். நம் ஊர் பேங்கில் போய் 'ஃபோர்குளோசர்' என்று கேட்டால், கடனைக் கெடுவுக்கு முன்பே கட்டி முடிக்க எவ்வளவு ஆகும் என்ற கணக்கைத் தருவார்கள். வீட்டை எடுத்து விற்பதற்கு இங்கே 'சர்ஃபேசி' என்றுதான் பேச்சு. 2002-ல் வந்த சட்டம் அது, கோர்ட்டில் வழக்குப் போடாமலே அடமானச் சொத்தைக் கைப்பற்றி ஏலம் விட பேங்குக்கு அதிகாரம் தருகிறது. வீட்டுக் கடன் நிறுவனங்களுக்கும் அந்த அதிகாரம் உண்டு. கூட்டுறவு பேங்குக்கும் உண்டு என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது, அதனால் "நம்ம சொசைட்டி பேங்க்தானே, என்ன பண்ணிடுவாங்க" என்று இருந்துவிடாதீர்கள்.

தொண்ணூறு நாள்

தவணை தவறி 90 நாள் தாண்டினால் உங்கள் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும், பேங்க்காரர்கள் என்.பி.ஏ. என்பார்கள். அதற்கு முன் 30 நாள், 60 நாள், 90 நாள் என்று மூன்று படியாக உங்கள் கணக்கைக் குறித்துக்கொண்டே வருவார்கள். பேசுவதற்கு நல்ல காலம் இதுதான், ஏனென்றால் இந்தக் கட்டத்தில் கிளை மேனேஜருக்கே உங்கள் கணக்கு கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய அவசரம் இருக்கும். நேரில் போங்கள், வாயால் சொல்வதோடு நிறுத்தாமல் ஒரு கடிதமாக எழுதிக் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள்: ஏன் வருமானம் நின்றது, எப்போது திரும்ப வரும், மாதம் எவ்வளவு கட்ட முடியும், தவணைக் காலத்தை எத்தனை வருடம் நீட்டித்துத் தர வேண்டும். வட்டி ஏறும்போது தவணையைக் கூட்டுவதா காலத்தை நீட்டுவதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கடன் வாங்கியவருக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டிலேயே சொல்லியிருக்கிறது.

என்.பி.ஏ. ஆன பிறகு ஒரு தவணையோ இரண்டு தவணையோ கட்டினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. நின்றுபோன அசல், வட்டி முழுவதையும் கட்டினால்தான் கணக்கு மறுபடி நல்ல கணக்காகும். மாமா அங்கே இங்கே புரட்டி இரண்டு தவணை கட்டினார், அதில் ஒன்று கந்துவட்டிக்கு வாங்கியது. வீடும் நிற்கவில்லை, கந்துவட்டிக்காரரும் வாசலில் வந்து நின்றார். கெஞ்சிக் கேட்கிறேன், வீட்டுக் கடன் தவணை கட்ட மீட்டர் வட்டிப் பக்கம் போகாதீர்கள். அக்காவின் நகையை அடகு வைப்பதற்கு முன்னாலும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தப் பணம் முழு பாக்கியையும் அடைக்குமா, அல்லது இரண்டு மாதம் தள்ளிப்போட மட்டும்தானா?

கடன் எடுத்தவர் இறந்துபோய்த் தவணை நின்றிருந்தால், கடனோடு சேர்த்துக் காப்பீடு எடுத்திருந்ததா என்று பழைய காகிதங்களைத் தேடுங்கள். பிரீமியத்தைக் கடன் தொகையிலேயே பிடித்திருப்பார்கள், குடும்பத்துக்குத் தெரியாமலே இருக்கும்.

அறுபது நாள் நோட்டீஸ்

13(2) நோட்டீஸ் என்று பேச்சில் சொல்வது இதைத்தான். 60 நாளுக்குள் மொத்தக் கடனையும் கட்டு, இல்லாவிட்டால் சொத்தை எடுப்போம் என்று இருக்கும். இதைக் கையெழுத்துப் போட்டு வாங்குங்கள். வாங்காமல் விட்டால் நோட்டீஸ் செல்லாது என்பது வெறும் நம்பிக்கை, கதவில் ஒட்டிப் பேப்பரில் போட்டால் சட்டப்படி வந்து சேர்ந்ததாகத்தான் கணக்கு. வாங்காததால் நமக்குத்தான் நஷ்டம், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே 60 நாளும் ஓடிவிடும்.

வாங்கியதும் நான்கு விஷயம் பாருங்கள். என்.பி.ஏ. ஆன தேதி, கேட்கும் தொகையின் பிரிவு, சொத்து விவரத்தில் சர்வே எண்ணும் அளவும், ஜாமீன்தாரர் பெயர்கள். கட்டிய தவணை எதுவும் வரவில் விட்டுப்போயிருக்கிறதா என்று பாஸ்புக்கோடு ஒப்பிடுங்கள். தவறு இருந்தாலும், தவணை மாற்றித் தரும்படி கேட்பதாக இருந்தாலும் 60 நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். அந்தப் பதிலுக்கு பேங்க் 15 நாளுக்குள் காரணத்தோடு மறுமொழி தந்தாக வேண்டும். மறுமொழியே வராவிட்டால் பின்னால் தீர்ப்பாயத்தில் உங்கள் பக்கம் பேச அது ஒரு நல்ல ஆதாரம்.

இதே நோட்டீஸ் வந்ததிலிருந்து பேங்கின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் அந்த வீட்டை விற்கவோ, வழக்கத்துக்கு மாறாகக் குத்தகைக்கு விடவோ முடியாது. "தம்பி பேருக்கு எழுதி வைத்துவிடலாம்" என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். இந்த வீட்டுக்கு மட்டுமல்ல, கடன் கொடுத்தவருக்குக் கிடைக்கக் கூடாது என்றே மற்ற சொத்தை மாற்றி எழுதினாலும் அதை ரத்து செய்யச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தில் 53-ஆம் பிரிவு இருக்கிறது.

நீங்களே விற்றுவிடுங்கள்

கட்ட வழியே இல்லை என்று உங்களுக்கு உள்ளுக்குள் தெரிந்துவிட்டதா? அப்படியானால் இதைப் பலமுறை படியுங்கள். ஏலத்தில் போகும் வீடு பெரும்பாலும் வெளிச் சந்தை விலைக்குப் போவதில்லை. ஆள் குடியிருக்கும் வீடு, வழக்கு வருமோ என்ற பயம், மொத்தப் பணத்தையும் குறுகிய கெடுவில் கட்ட வேண்டிய நெருக்கடி, இவற்றுக்கெல்லாம் சேர்த்துத்தான் ஏலம் எடுப்பவர் விலையைக் குறைத்துக் கேட்பார். மாமா வீட்டுக்கு நோட்டீஸ் வந்தபோது கடன் 33 லட்சம். அப்போது அக்கம்பக்கத்தில் 40 லட்சத்துக்குக் கேட்க ஆள் இருந்தது. விற்றிருந்தால் கடனை அடைத்துவிட்டுக் கையில் கொஞ்சம் நின்றிருக்கும். ஏலம் முடிவதற்குள் வட்டியும் செலவும் ஏறிக் கடன் 38 லட்சமாகி, வந்ததோ 29.

அம்மாபேட்டையில் எங்களுக்குத் தெரிந்த ஒரு தறிக்காரக் குடும்பம் இதே நிலையில் வேறு மாதிரி செய்தது. நோட்டீஸ் வந்த வாரமே மேனேஜரிடம் போய், "நாங்களே விற்று உங்கள் பணத்தைக் கட்டிவிடுகிறோம், அவகாசம் கொடுங்கள்" என்று எழுதிக் கொடுத்தார்கள். வேலை நடக்கும் விதம் இதுதான்: கடனை முடிக்க இன்ன தேதி வரை இன்ன தொகை என்று பேங்கிடம் கடிதம் வாங்க வேண்டும், அதோடு விற்கச் சம்மதக் கடிதமும். வாங்குபவரிடம் எதையும் மறைக்கக் கூடாது, வில்லங்கச் சான்று போட்டாலே மூலப்பத்திரம் பேங்கில் ஒப்படைத்திருப்பது தெரிந்துவிடும். வாங்குபவர் அந்தத் தொகையை உங்கள் கையில் தராமல் நேராக உங்கள் கடன் கணக்குக்கு டி.டி.யாகக் கொடுப்பார், அவரும் கடனில் வாங்குவதாக இருந்தால் அவருடைய பேங்கே கொடுக்கும். அடமானம் தீர்ந்ததற்கான ரசீதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து, கிரயமும் அதையொட்டியே முடிப்பார்கள். மீதித் தொகை உங்களுக்கு. அந்தக் குடும்பம் கேட்ட விலையில் நான்கு லட்சம் குறைத்துத்தான் கொடுத்தது, ஆனாலும் கடன் போக 6 லட்சம் கையில் வந்தது. சேலம் குகைப் பகுதியில் வாடகை வீட்டுக்குப் போய் அட்வான்ஸ் கொடுக்கவும், இரண்டு தறியை ஓட்டவும் அது போதுமானதாக இருந்தது.

மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டியே முடிப்பதற்கு அபராதம் கிடையாது. அதைக் கடிதத்தில் சேர்த்திருந்தால் கேளுங்கள். முழுத் தொகை கட்டிய 30 நாளுக்குள் மூலப்பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும் என்பதும், பேங்கின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பதும் 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதி.

வீடு கைமாறும் கட்டம்

60 நாளும் போய்விட்டால் முதலில் காகிதத்தில்தான் வீட்டை எடுப்பார்கள். கதவில் சுவாதீன அறிவிப்பு ஒட்டி, இரண்டு செய்தித்தாளில், அதில் ஒன்று தமிழில், போடுவார்கள். நீங்கள் அன்றே வெளியே போக வேண்டியதில்லை. நேரில் காலி செய்ய வைக்க, கலெக்டரிடமோ தலைமைக் குற்றவியல் நீதித்துறை நடுவரிடமோ பேங்க் மனு போட்டு உத்தரவு வாங்கும், அந்த உத்தரவோடுதான் போலீஸ் பாதுகாப்பில் வருவார்கள். உத்தரவு இல்லாமல் வசூல் ஆட்கள் மட்டும் வந்து "சாமானை வெளியே எடு" என்றால் அது அடாவடி. வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னாலும் இரவு 7 மணிக்குப் பின்னாலும் தொந்தரவு செய்யக் கூடாது, சொந்தக்காரருக்கும் வேலை செய்யும் இடத்துக்கும் போன் போட்டு அவமானப்படுத்தக் கூடாது. நடந்தால் தேதி, நேரம் குறித்து வைத்துக்கொண்டு முதலில் பேங்குக்கே எழுத்தில் புகார் கொடுங்கள், 30 நாளில் சரியான பதில் இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இணையத்தில் புகார் போடலாம், செலவில்லை. 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

சுவாதீனம் எடுத்ததில் தவறு இருந்தால் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், டி.ஆர்.டி. என்பார்கள். சேலம் மாவட்டத்துக்கு அது கோயம்புத்தூரில் இருக்கிறது. உள்ளூர் முன்சீப் கோர்ட்டில் தடை வாங்கித் தருகிறேன் என்று யாராவது பீஸ் கேட்டால் கொடுக்க வேண்டாம், இந்த விஷயத்தில் சிவில் கோர்ட் தலையிடச் சட்டமே இடம் தரவில்லை. டி.ஆர்.டி.யிலும் ஒரு தொகையைக் கட்டச் சொல்லித்தான் பெரும்பாலும் தடை தருவார்கள், அதனால் பஸ் ஏறும் முன்பே அந்தத் தொகைக்கு வழி பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் போனபோது 45 நாள் எப்போதோ முடிந்திருந்தது. வக்கீல் எங்கள் காகிதங்களைப் பார்த்துவிட்டு, "இந்த நோட்டீஸ் வந்தப்பவே வந்திருக்கணும்" என்றார். திரும்பி வரும் மூன்று மணி நேரமும் பஸ்ஸில் மாமா ஒரு வார்த்தை பேசவில்லை.

ஏலத்துக்கு முன் ஒரு கெடு இருக்கிறது, அதை விட்டால் விட்டதுதான். முன்பெல்லாம் விற்பனை முடியும் வரை முழுக் கடனையும் கட்டி வீட்டை மீட்கலாம் என்று இருந்தது. 2016-ல் சட்டத்தைத் திருத்தினார்கள், அதன்படி ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான் மீட்கும் உரிமை, 2023-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஏலத் தேதி அன்றைக்குப் பணத்தோடு ஓடினால் பேங்க் வாங்கியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விற்பதற்கு முன் உங்களுக்கு 30 நாள் நோட்டீஸ் தனியாக வரும், முதல் ஏலம் தோற்று மறு ஏலம் என்றால் 15 நாள் போதும்.

அங்கீகரித்த மதிப்பீட்டாளர் தந்த மதிப்பை வைத்துத்தான் குறைந்தபட்ச விலையை நிர்ணயிப்பார்கள். அந்த விலை உங்கள் தெருவின் வழிகாட்டி மதிப்பைவிடவே குறைவாகத் தெரிந்தால், சமீபத்தில் பக்கத்தில் பதிவான ஒரு கிரயத்தின் நகலை இணைத்து உடனே ஆட்சேபம் எழுதுங்கள். இது வெறும் கோபத்துக்காக இல்லை. குறைந்த விலைக்குப் போகும் ஒவ்வொரு லட்சமும் நாளை மீதிக் கடனாக உங்கள் மேல்தான் வந்து விழும். ஏலம் கேட்கக்கூடிய ஆள் உங்களுக்குத் தெரிந்தால் அவரிடம் நீங்களே சொல்லுங்கள், மானம் போகிறதே என்று மறைத்தால் போட்டி இல்லாமல் அடிமாட்டு விலைக்குப் போய்விடும்.

ஏற்காடு மலையிலோ அயோத்தியாப்பட்டணம் பக்கமோ நிலத்தை வைத்துக் கடன் வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை: விவசாய நிலத்தின் மேல் சர்ஃபேசி செல்லாது. ஆனால் பட்டாவில் புஞ்சை என்று இருந்தால் மட்டும் போதாது, உண்மையில் விவசாயம் நடக்கிறதா என்று பார்ப்பார்கள் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அடங்கலும் பயிர் இருக்கும் புகைப்படமும் எடுத்து வையுங்கள். அங்கே வீடும் காட்டேஜும் கட்டி வாடகைக்கு விட்டிருந்தால் இந்த வாதம் நிற்காது.

மீதிக் கடன்

சர்ஃபேசி சட்டத்தின் 13(10) பிரிவுப்படி, ஏலப் பணம் பத்தாவிட்டால் மீதியைக் கேட்டு பேங்க் வழக்குப் போடலாம். 20 லட்சமும் அதற்கு மேலும் என்றால் கோயம்புத்தூர் டி.ஆர்.டி., அதற்குக் கீழே என்றால் சேலம் சிவில் கோர்ட். சாவியைக் கொடுத்துவிட்டு வந்தாலும், நீங்களாக விட்டுக்கொடுத்தாலும் அது மாறாது. அதே சட்டத்தில், ஏலத்தில் கடனைவிட அதிகம் வந்தால் மிச்சம் உங்களுக்குச் சேர வேண்டும் என்றும் இருக்கிறது. எப்படியானாலும் ஏலம் முடிந்ததும் விற்ற தொகை, கழித்த செலவுகள், மீதி என்று முழுக் கணக்கை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எங்கள் வழக்கில் உண்மையில் உதவியது இந்தக் கணக்குதான். வரி வரியாகப் பார்த்தோம். ஏலப் பணம் பேங்குக்கு வந்த தேதிக்கும் கடனில் வரவு வைத்த தேதிக்கும் இரண்டு மாத இடைவெளி இருந்தது, அந்த இரண்டு மாதமும் முழுத் தொகைக்கும் வட்டி ஓடியிருந்தது. வக்கீல் நோட்டீஸ் செலவு இரண்டு இடத்தில் ஏறியிருந்தது. நீங்கள் அபராதத்தையும் பாருங்கள்: 2024 முதல் தவணை தவறியதற்கு அபராதக் கட்டணம் போடலாமே தவிர அபராத வட்டி போடக் கூடாது, அந்தக் கட்டணத்தின் மேல் வட்டி ஏற்றவும் கூடாது. காவலாளி செலவு, மதிப்பீட்டுச் செலவு, விளம்பரச் செலவு எல்லாவற்றுக்கும் ரசீது கேளுங்கள்.

சம்மன் வந்தால் போய் நில்லுங்கள். போகாவிட்டால் பேங்க் சொன்ன தொகைக்கே ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும். கடனை வசூலிக்க வழக்குப் போடப் பொதுவாக 3 வருடக் கெடு உண்டு. அந்தக் கெடுவுக்குள் நீங்கள் "பாக்கி இருப்பதை ஒப்புக்கொள்கிறேன்" என்று எழுதிக் கொடுத்தாலோ, சமாதானத்துக்காக ஐந்தாயிரம் கட்டினாலோ கெடு மறுபடி முதலிலிருந்து ஓடும். அதனால் எந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலும் வக்கீலிடம் காட்டுங்கள். வக்கீலுக்கு வசதி இல்லையென்றால் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு, மற்றவர்களுக்கு வருமான வரம்பு பார்ப்பார்கள். தொலைபேசி 15100.

சரி, தீர்ப்பே வந்துவிட்டால் எதையெல்லாம் எடுப்பார்கள்? ராத்திரி தூக்கம் வராமல் அக்கா கேட்ட கேள்வி இது. கடன் கட்ட முடியாததற்காக மட்டும் யாரையும் ஜெயிலில் போட முடியாது, வசதி இருந்தும் கட்ட மறுப்பவருக்குத்தான் சிவில் சிறை. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு ஜப்தி செய்யக் கூடாதவற்றைப் பட்டியல் போட்டிருக்கிறது: உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, தாலி போலச் சமய வழக்கப்படி பெண்கள் கழற்றக் கூடாத நகை, கைத்தொழில்காரரின் கருவிகள், கூலித் தொழிலாளியின் கூலி, வருங்கால வைப்பு நிதி. மாமாவின் பட்டறைக் கருவிகள் அதில் வரும் என்று தெரிந்த அன்றுதான் அக்கா வீட்டில் நிம்மதியாகச் சோறு பொங்கியது. மாதச் சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தொட முடியாது. 25,000 சம்பளம் என்றால் 8,000 வரைதான் பிடிக்கலாம், ஒரே தீர்ப்புக்கு மொத்தம் 24 மாதத்துக்கு மேல் பிடிக்கவும் முடியாது. ஆனால் உங்கள் பெயரில் வேறு மனையோ, பூர்வீகச் சொத்தில் பங்கோ, பேங்கில் வைப்புத் தொகையோ இருந்தால் அது போகும்.

கிரிமினல் வழக்கு பெரும்பாலும் வரும் வாசல் செக்கும், கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் தவணையும். ஈடாகக் கொடுத்த செக் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு, தானாகப் பிடிக்கும் தவணை திரும்பினால் 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, இரண்டிலும் 2 வருடம் வரை தண்டனைக்கு இடம் உண்டு. அது சம்பந்தமாக வக்கீல் நோட்டீஸ் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

ஜாமீன்தாரர் என்றால் சாட்சிக் கையெழுத்து என்று அப்பா நினைத்திருந்தார். கடனாளிக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு, கடனாளியை விட்டுவிட்டு நேராக ஜாமீன்தாரரிடமே பேங்க் போகலாம். "மாப்பிள்ளைக்குப் போட்ட கையெழுத்து, எப்படிடா மாட்டேன்னு சொல்றது" என்றார் அப்பா. உங்களுக்கு யாராவது போட்டிருந்தால் முதல் நோட்டீஸ் அன்றே அவரிடம் போய்ச் சொல்லிவிடுங்கள், கோர்ட் ஆள் வந்து தெரிவதைவிட அது எவ்வளவோ மேல்.

ஐ.பி., அதாவது திவால் மனு, போட்டுவிடலாமா என்று நம் பக்கம் சட்டென்று பேச்சு வரும். 1920-ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டப்படி அதற்கு வழி இருக்கிறது, ஆனால் அடமானத்தில் இருக்கும் வீட்டை பேங்க் எடுப்பதை அது தடுக்காது, ஜாமீன்தாரரையும் காப்பாற்றாது. மீதிக் கடனுக்கும் மற்ற கடன்களுக்கும் கடைசிக் கட்டத்தில் யோசிக்கலாம், மஞ்சள் நோட்டீஸ் ஒன்று அனுப்பினால் எல்லாம் முடிந்துவிடும் என்று நம்பி மட்டும் இறங்க வேண்டாம்.

பேசி முடிப்பதுதான் பெரும்பாலோருக்கு வழி. வீடு போன பிறகு ஈடு எதுவும் இல்லாத மீதிக் கடனை முழுதாக வசூலிக்க முடியாது என்று பேங்குக்கும் தெரியும். ஓ.டி.எஸ். என்ற ஒரே தவணைத் தீர்வு கேட்டு எழுதுங்கள், வருமானம், குடும்பத்தில் எத்தனை பேர், மருத்துவச் செலவு எல்லாம் ஆதாரத்தோடு. புரட்ட முடிந்த தொகைக்குச் சற்றுக் கீழே ஆரம்பியுங்கள், முடியாத தொகையை ரோஷத்தில் ஒப்புக்கொள்ளாதீர்கள். வழக்கு நிலுவையில் இருந்தால் மக்கள் நீதிமன்றத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம், லோக் அதாலத் என்பார்கள். அங்கே எழுதும் உடன்பாடு கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது, அதனால் தவணைத் தேதியை யோசித்துச் சொல்லுங்கள். நாங்கள் கணக்கில் இருந்த தப்பைக் காட்டிப் பேசியதில் 9 லட்சம் நான்கரை லட்சமாகி, ஆறு தவணையில் கட்டுவது என்று முடிந்தது.

வரி விஷயத்தையும் விட்டுவிடாதீர்கள். வீட்டை விற்றது பேங்காக இருந்தாலும், பணம் முழுக்கக் கடனுக்கே போயிருந்தாலும், மூலதன ஆதாய வரி உங்கள் கணக்கில்தான். தாத்தா காலத்து இடத்தில் வீடு கட்டியவர்களுக்கு இது பெரிய தொகையாக வரலாம், ஆடிட்டரை அந்த வருடமே பாருங்கள்.

கடைசித் தவணை கட்டிய மறுநாளே பாக்கி இல்லை என்ற கடிதம் கேளுங்கள். கடன் எண், தீர்வுத் தொகை, கட்டிய தேதிகள், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற வரி, இவையெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஈடாகக் கொடுத்த வெற்று செக்குகளை எண்ணி வாங்குங்கள். சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' என்று விழும், சில வருடங்களுக்குப் புதுக் கடன் கிடைப்பது கஷ்டம்தான், ஆனால் அதில் இன்னும் பாக்கி என்று காட்டிக்கொண்டிருந்தால் கடிதத்தின் நகலோடு திருத்தச் சொல்லி எழுதுங்கள், வருடத்துக்கு ஒருமுறை அறிக்கை இலவசமாகவே கிடைக்கும். கடிதத்தில் ஜாமீன்தாரர் பெயரும் இருக்கிறதா என்று வாங்கும்போதே படித்துப் பாருங்கள். எங்களுக்கு முதலில் தந்ததில் மாமா பெயர் மட்டும்தான் இருந்தது. அக்கா அங்கேயே கவுன்ட்டரில் திருப்பிக் கொடுத்து, அப்பா பெயரையும் சேர்த்து அடித்துத் தரும் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்து வாங்கி வந்தாள்.